குளிரறையில் வாசித்த மாப்பிள்ளை

ஃபிரிட்ஜ் மெக்கானிக் பெண் பார்க்கப் போன அன்று பெண்ணின் அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, சொந்த வீடு உண்டா என்றும் கேட்கவில்லை. நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, நீங்க டிரம்ஸ் வாசிப்பீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"வாசிச்சிட்டு இருந்தேன் ஐயா. விட்டாச்சு."

"எப்ப விட்டீங்க?"

மெக்கானிக்குக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. உள்ளதைச் சொன்னார். "இப்பத்தான் ஐயா. நீங்க கேட்டீங்களே, அப்ப."

பெரியவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அவர் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் தெருமுனையில் தலையைக் காட்டினால் போதும், கடைக்காரர்கள் அவசர அவசரமாகத் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். அடியைக் குடைந்த எடைக்கற்கள் தாமாகவே உருண்டுபோய்ச் சாக்குக்குள் ஒளிந்துகொள்ளும். அவர் பார்க்க வருகிறார் என்றால் பிள்ளை பெற்ற வீட்டில்கூடக் குழந்தையின் எடையைக் கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர் தம் கிறிஸ்தவச் சபையை மேற்பார்க்கிற மூப்பரும் ஆனபோது, பாட்டுக்கும் கையோடு ஓர் அளவுகோல் கொண்டுவந்துவிட்டார். "காதுல விழுந்தா அது பாட்டு. வயித்துல வந்து இடிச்சா அது பாட்டு இல்ல, அடிதடி." இந்தக் கணக்கில் ஆர்மோனியம் தேறியது, வயலின் தேறியது, டிரம்ஸ் மட்டும் தேறவில்லை.

மெக்கானிக்கின் நோன்பு கல்யாண ஆல்பம் கைக்கு வரும்வரை தாங்கிற்று. அதற்குமேல் முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் விரல் ஓடியது, பஸ் கம்பியில் ஓடியது, பழுது பார்க்க வந்த ஃபிரிட்ஜின் கதவில் ஓடியது. கடைசியில் மனைவிதான் ஒரு நாள் காலையில் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் மருந்துக்கடைக் கவுண்ட்டரில் நிற்பவள். எதையும் ஒரு வேளைக்கு எவ்வளவு என்று சொல்லியே பழகியவள்.

"என்னங்க, தூக்கத்துல என் முதுகுல வாசிக்கிறீங்க. என் முதுகுல என்ன தோலா மாட்டி வச்சிருக்கு? அந்த டிரம்ஸையே வாசிச்சுத் தொலைங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம்."

"உங்க அப்பா?"

"அப்பாவை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. இவர்கள் குடியிருந்தது அப்பாவின் வீட்டு மாடியில். ஆகவே டிரம்ஸ் பட்டறையிலேயே தங்கிற்று. ஆள் உயர ஃபிரிட்ஜ் ஒன்று, கம்ப்ரசர் செத்துப்போய்ப் பட்டறை மூலையில் நின்றது. பெரிய டிரம் அதன் வயிற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது. சின்ன டிரம்கள் ஐஸ் பெட்டியில். கைத்தாளத் தட்டுகள் காய்கறி வைக்கும் இழுப்பறையில். இப்படியாக ஊரிலேயே டிரம்ஸைக் கெட்டுப்போகாமல் வைத்திருந்த ஒரே மனிதர் நம் மெக்கானிக்தான்.

மெக்கானிக் சேர்ந்த, சபை சபையாகப் போய்ப் பாடும் ராக் குழுவுக்கு 'ஏழாம் சுற்று' என்று பெயர். கோட்டையை ஏழு தரம் சுற்றிவந்து, எக்காளம் ஊதி, தொண்டை கிழியக் கத்தி மதிலை வீழ்த்திய பழைய பைபிள் கதை இருக்கிறதே, அதிலிருந்து எடுத்தது. எந்த ஊருக்குப் போனாலும், முதல் ஆறு சுற்றில் யார் ஜெயித்தது என்று ஒருவராவது கேட்பார். குழுவில் நாலு பேர். பாடுகிறவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கிட்டார் வாசிக்கிறவர் பல் டாக்டர். பேஸ் கிட்டார் பேக்கரிக்காரருடையது. அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை, பல் டாக்டர் உட்பட.

இவர்கள் எந்த இசைக் கம்பெனியிலும் சேரவில்லை. சொந்தப் பாட்டு, சொந்த வேன், சொந்தத் தாழ்மை. தாழ்மையில்தான் இவர்களுக்குள் கடும் போட்டி. பாட்டு முடிந்து யாராவது பாராட்டினால் இன்சூரன்ஸ்காரர், "நான் ஒண்ணுமே இல்ல பிரதர்" என்று சொல்லிவிட்டு, எதிராளி அதை மறுக்கிறவரை இடத்தைவிட்டு நகர மாட்டார். பல் டாக்டர் தனியாக வாசிக்கும் இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஜெபத்தில் இருக்கிறார் என்று ஜனங்கள் உருகுவார்கள். அடுத்த விரல் எங்கே என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

இன்சூரன்ஸ்காரரின் வாயில் இல்லாத ஒரே சொல் 'முடியாது'. முதல் சபையில் போதகர், "பேர் நல்லாயிருக்கு தம்பி. சத்தம் மட்டும் வேண்டாம்" என்றார். இவர் சரி என்றார். அடுத்த சபையில் டிரம்ஸ் இருக்கலாம், குச்சி கூடாது, பிரஷ்தான் என்றார்கள். சரி. அதற்கடுத்ததில் குச்சி இருக்கலாம், கிட்டார் பூனை மாதிரி அழக் கூடாது. சரி. இன்னொன்றில் எல்லாம் இருக்கலாம், ஆனால் பாடுகிறவர் இடுப்புக்குக் கீழே அசையக் கூடாது. இளைஞர் சபை ஒன்றில் இத்தனையும் போதாது, புகையும் வேண்டும் என்றார்கள். அதற்கும் சரி. ஒவ்வொரு சபையும் தனக்கு வேண்டாததைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்டது. வட்டாரத்தில் ஒருவர்கூட முழு 'ஏழாம் சுற்றை'க் கேட்டதில்லை. ஆனால் எல்லோருக்கும் அது தங்கள் குழு.

கழித்தலில் முதலில் கழிந்தது எப்போதும் மெக்கானிக். ஒரு சபையில் திரைக்குப் பின்னால் வாசித்தார். ஒரு சபையில் போர்வை மூடிய டிரம்ஸை வாசித்தார். ஒரு சபையில் வேனில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை வாசித்தார்.

இதற்கிடையில் வீட்டில் மனைவி அப்பாவுக்குச் சொல்லிவைத்த கதை தானாக வளர்ந்துகொண்டிருந்தது. "எங்கடி உன் புருஷன், ஒவ்வொரு சனிக்கிழமையும் காணோம்?" என்று அப்பா கேட்டபோது அவசரத்தில், "சபைகள்ல ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணிக் குடுக்கப் போறார்ப்பா. ஊழியமா" என்று சொல்லிவிட்டாள். பெரியவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. மூப்பர்கள் கூடிய இடத்திலெல்லாம், "என் மாப்பிள்ளை இருக்கானே, வட்டாரத்துல எந்த சபைக்கும் ஃபிரிட்ஜ் சரி பண்ணித் தருவான்" என்று சொல்லிவைத்தார். பிறகென்ன. பாட்டுக்குப் போகிற இடத்திலெல்லாம் போதகரின் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டு, "மெக்கானிக் தம்பி வந்திருக்காரா?" என்று கேட்டாள். ஒரு சபை ஃபிரிட்ஜில் ரிலே சுவிட்ச் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு நின்றுபோகும். ஒன்றில் கதவு ரப்பர் விட்டுப்போய் உள்ளே பனி மலையாகக் கட்டியிருக்கும். ஒன்றில் கேஸ் ஒழுகும், சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று தேட வேண்டும். சொன்ன பொய்யை மெய்யாக்க மெக்கானிக் பாட்டுக்கு முன்னால் குப்புறப் படுத்து ஸ்பேனர் பிடித்தார், பாட்டுக்குப் பின்னாலும் பிடித்தார்.

'ஏழாம் சுற்று'க்கு அழைப்புக்குமேல் அழைப்பு வந்தது. தன் குரல்தான் ஜனங்களை இழுக்கிறது என்று இன்சூரன்ஸ்காரர் நம்பினார். தன் கண் மூடல்தான் என்று பல் டாக்டர் நம்பினார். பேக்கரிக்காரர் என்ன நம்பினார் என்று அவருக்குத்தான் தெரியும். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஏனென்றால் அழைப்பெல்லாம் பட்டறை நம்பருக்குத்தான் வரும், அந்த நம்பர் இருந்தது அவள் கைப்பேசியில். "சிஸ்டர், எங்க ஃபிரீசர் நின்னுபோச்சு. அடுத்த மாசம் ஏழாம் சுற்றைக் கூப்பிடலாம்னு ஜெபத்துல எங்களுக்கு ஒரு ஏவுதல் வந்திருக்கு."

இதைப் புருஷனிடம் சொன்னால் மனம் உடைந்துபோவார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் உடைந்திருக்க மாட்டார். அவருக்கு ஜனங்கள் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது பெரிதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் மாமா பெருமையாக, "என்ன மாப்பிள்ளை, ஊழியம் எப்படி?" என்று கேட்கிறாரே, அந்த மனிதருக்குத் தெரிந்தே, ஒரே ஒரு தடவை, டிரம்ஸ்காரனாக உட்கார வேண்டும். திட்டு விழட்டும், வீட்டைக் காலி பண்ணச் சொல்லட்டும். திருட்டுத்தனமாக வாசிக்கிற ஒவ்வொரு தடவையும், குடைந்த எடைக்கல்லைச் சாக்குக்குள் தள்ளுகிற கடைக்காரர் போல அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை.

"சொல்லிடட்டுமா?" என்று மனைவியைக் கேட்பார்.

"சொல்லுங்களேன். உங்க வாய்தானே."

அவர் கீழே போவார். மாமா பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை" என்பார். இவர், "தண்ணி மோட்டார் ஒழுங்கா ஓடுதா மாமா?" என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிடுவார். அந்த வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப்போல் நலம் விசாரிக்கப்பட்ட மோட்டார் உலகத்தில் வேறு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் வட்டாரத்துச் சபைகளெல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கூடுகை நடத்த முடிவுசெய்தன. இடம் நகரத்து உள்விளையாட்டு அரங்கம். பாட்டு யார் என்று கேட்டபோது எல்லாச் சபையும் ஒரே குரலில் 'ஏழாம் சுற்று' என்றது. வேறு எதிலும் அவை ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. ஒழுங்குக் குழுத் தலைவராக நம் பெரியவரைப் போட்டார்கள்.

ஒழுங்குக் குழு கூடிய அன்றுதான், ஒவ்வொரு சபைக்கும் தாம் சொன்ன சரிகளையெல்லாம் இன்சூரன்ஸ்காரர் முதல்முறையாக ஒரே அறையில் பார்த்தார். மேஜையைச் சுற்றி அவை உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தன.

"இவங்க டிரம்ஸ் இல்லாத குழுதானே. அதனாலதான் நாங்க ஒத்துக்கிட்டோம்" என்றார் பெரியவர்.

"டிரம்ஸ் இல்லாமலா?" என்றார் இளைஞர் சபைப் போதகர். "எங்க பிள்ளைங்க டிரம்ஸுக்குத்தானே வர்றாங்க. எங்க சபையில அது இடி மாதிரி விழும்."

"எங்க சபையில துடைப்பம் மாதிரி ஒண்ணை வச்சுத் தேய்ச்சாரு. நல்லா இருந்துச்சு" என்றார் இன்னொருவர்.

பெரியவர் மெல்லத் திரும்பி இன்சூரன்ஸ்காரரைப் பார்த்தார். தராசைப் பார்க்கிற பார்வை. "தம்பி, உங்க குழுவுல டிரம்ஸ் இருக்கா, இல்லையா?"

"ரெண்டும் ஐயா" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

பாலிசி எழுதி நரைத்த மூளை, விரைவாக ஒரு ஷரத்தைக் கண்டுபிடித்தது. "சத்தம் இருக்கும் ஐயா. ஆள் இருக்க மாட்டான். இப்பல்லாம் டிரம்ஸ் சத்தம் மெஷின்லேர்ந்து வருது."

பெரியவர் யோசித்தார். "மெஷினா. மெஷினுக்கு ஆடுற உடம்பு கிடையாது. குறைச்சு வச்சா வயித்துல இடிக்காது. சரி, மெஷின்னா வரட்டும்."

எல்லோரும் சரி என்றார்கள். கலையும்போது ஒவ்வொரு போதகரும் இன்சூரன்ஸ்காரரைத் தனியாக ஓரங்கட்டி, "மெஷின் வரட்டும் தம்பி. மெக்கானிக்கும் கண்டிப்பா வரணும்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். மெஷின் பழுதானால் பார்க்கத்தான் கேட்கிறார்கள்போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இல்லாத மெஷினை எங்கே தேடுவது. அதற்கும் அவருக்கு வழி தெரிந்தது. அரங்கத்தின் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி, பழைய குளிரறை ஒன்று இருந்தது. ஆள் நடந்து உள்ளே போகிற அளவு, ஒரு படுக்கையறை பெரிசு, தடித்த சுவர், தடித்த கதவு. ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்தது. அதற்குள் உட்கார்ந்து இடித்தாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. மைக் வயரைத் தண்ணீர் வடிகிற துளை வழியாக வெளியே இழுத்துவிட்டால் சத்தம் அளவாக மேடைக்குப் போகும். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் மேடைப் பாட்டு உள்ளே கேட்கும்.

"குளிரறை ஒரு மெஷின்தானே பிரதர்?" என்றார் இன்சூரன்ஸ்காரர். "நாம பொய் சொல்லலையே."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மாமா தலைவரா இருக்கிற மேடையிலயும் நான் பொட்டிக்குள்ளதானா?"

"தாழ்மை பிரதர். நமக்குக் கிடைச்ச தாழ்மை வேற யாருக்குக் கிடைக்கும்?"

"அப்ப நீங்க பொட்டிக்குள்ள பாடுங்களேன்."

"என் தொண்டைக்குக் குளிர் ஆகாது."

மெக்கானிக் போய்ப் பார்த்தார். போனவருக்குக் கை சும்மா இருக்குமா. உள்ளே நின்று டிரம்ஸ் எங்கே வைக்கலாம் என்று பார்க்க வேண்டியவர், விசிறி மோட்டாரைக் கழற்றினார், ஒழுகிய குழாயைப் பற்றவைத்தார், கேஸ் ஏற்றினார், உள்ளிருந்து கதவைத் திறக்கிற குமிழுக்கு எண்ணெய் விட்டார். சும்மா ஓட்டிப் பார்த்தார். பனிக்காலத்து விடியல் மாதிரிச் சில்லென்று காற்று வந்தது. திருப்தியாக அணைத்துவிட்டு வந்தார். இந்த இடத்தில்தான் அவர் கெட்டார். குளிரறை ஓடுகிறது என்ற சேதி சாப்பாட்டுக் குழுவின் காதுக்குப் போயிற்று. ஜில்லென்று ஏதாவது கொடுக்கலாமே என்று அவர்கள் கூட்டத்துக்கே ஐஸ்கிரீம் சொல்லிவிட்டார்கள். உள்ளே டிரம்ஸ் இருக்கப்போவது அவர்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருத்திக்குத் தெரியும். அவள் மெக்கானிக்கின் மனைவி. அவள் வாயைத் திறக்கவில்லை.

கூடுகை அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. பெரியவர் முன்வரிசை ஓரத்தில், கையில் கடிகாரத்தோடு. மேடையில் மூன்று பேர். நாலாமவர் குளிரறைக்குள், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஏனோ அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் பாட்டு நிதானமாகப் போயிற்று. அரங்கத்தில் ஆர்மோனியச் சபைக்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள். இரண்டாம் பாட்டின் நடுவில் குளிரறைக் கதவு திறந்தது. மனைவியும் கூட இரண்டு பெண்களும் ஐஸ்கிரீம் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்து சுற்றிலும் அடுக்கினார்கள். அந்த இரண்டு பேருக்கும் கண் பிதுங்கிற்று. மனைவி, "ரிப்பேர் நடக்குது, பெட்டியை வைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவிட்சைப் போட்டாள்.

கம்ப்ரசர் மூச்செடுத்த சத்தத்தில் மெக்கானிக்குக்கு விஷயம் புரிந்தது. சுவிட்சோ வெளியே. எழுந்து போகலாம் என்றால் பாட்டு பாதியில் நிற்கும். உட்கார்ந்திருந்தார். எவ்வளவு சீக்கிரம் குளிருகிறது பார் என்று தன் வேலையை நினைத்து ஒரு கணம் பெருமைகூடப் பட்டார். அடுத்த கணம் பல் தந்தியடித்தது. உடம்பைச் சூடாக்க ஒரே வழி, கையையும் காலையும் வேகமாக ஆட்டுவது. ஆட்டினார்.

மேடையில் இன்சூரன்ஸ்காரர், கண்ணீர் மல்கப் பாட வேண்டிய ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். காதில் டிரம்ஸ் நடந்தது. பிறகு எட்டிப்போட்டது. பிறகு ஓடியது. டிரம்ஸ் இல்லாமல் தனியாகப் பாடத் தெரியாத மனிதர், கூடவே ஓடினார். "என் பாரங்களை" என்று இழுத்துப் பாட வேண்டியதை, வண்டியைத் தவறவிட்டவர் மாதிரிப் பாடினார். பல் டாக்டர் கண்ணை மூட நேரமில்லாமல் முதல்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு வாசித்தார், நன்றாகவும் வாசித்தார். பேக்கரிக்காரர் வாயைத் திறந்து, "ஐயோ" என்றார். அது மைக்கில் விழுந்தது. ஜனங்கள் அதைப் பாட்டின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் எல்லோரும் சேர்ந்து "ஐயோ" என்றார்கள். எந்தச் சபை என்றில்லாமல் கால்கள் தரையில் தட்டின. இடுப்புக்குக் கீழே அசையாதவர் மேடையில் குதித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அது சரியாகத்தான் ஓடியது. மெஷினுக்கு என்னவோ ஆகிவிட்டது. மெஷின் என்றால் மாப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும். எழுந்து பின்பக்கம் போனார்.

அதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் வேறொரு கூட்டம் கூடியிருந்தது. மனைவி ஐஸ்கிரீம் எடுக்கக் கதவைத் திறந்தவள், திறந்த கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டாள். இடிச்சத்தம் கூடமெங்கும் பாய்ந்தது. தட்டு எடுக்க வந்தவர்கள் தட்டோடு நின்றார்கள்.

உள்ளேயிருந்து மெக்கானிக், புருவத்தில் வெள்ளையாகப் பனி பூத்து, "கதவைச் சாத்துடி" என்றார். கை மட்டும் நிற்கவில்லை.

"இத்தனை வருஷமா நான் சாத்தி வச்சது போதும்" என்றாள் அவள். "இனிமே உங்க கதவை நீங்களே பார்த்துக்கங்க."

அந்த நேரத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

வெண்புகைக்கு நடுவில், ஐஸ்கிரீம் பெட்டிகள் சூழ, கல்யாணக் கோட்டில் மாப்பிள்ளை. குச்சி இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். பெரியவர் முதலில் மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ரிப்பேரா மாப்பிள்ளை?"

இதுதான் வழி. ஆமாம் மாமா, மெஷினைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை போதும். பெரியவரே அந்த வார்த்தையைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார். தண்ணீர் மோட்டார்கூட மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"இல்ல மாமா. டிரம்ஸ் வாசிக்கிறேன்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாண ஆல்பம் வந்ததுலேர்ந்து."

"எல்லா சனிக்கிழமையுமா?"

"எல்லா சனிக்கிழமையும். ஃபிரிட்ஜும் பண்ணேன் மாமா. அது நிஜம்."

கூடத்தில் யாரும் ஸ்பூனை வாயில் வைக்கவில்லை. ஹெட்ஃபோனில் இன்சூரன்ஸ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிப் பாட்டுக்கு வந்திருந்தார். பெரியவர் நாற்காலியை நகர்த்திவிட்டுக் கதவின் பிடியில் கை வைத்தார். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார், வாசிப்பை நிறுத்தவில்லை. கதவு விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

கதவு விழவில்லை.

"நாலு பேர் வாங்க இங்க" என்றார் பெரியவர், பக்கத்தில் நின்ற வாலிபர்களைப் பார்த்து. "இதையெல்லாம் தூக்கிட்டுப் போய் மேடையில வைங்க."

"அப்பா?" என்றாள் மகள்.

"எனக்கு இது பிடிக்கல. இப்பவும் பிடிக்கல, நாளைக்கும் பிடிக்காது. ஆனா மறைச்சு வச்சு விக்கிற சரக்கை நான் என் சர்வீஸ்ல விட்டதில்ல. கல்லு குறையோ நிறையோ, தட்டுல வை, நாலு பேர் பார்க்கட்டும்." மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "எழுந்திருங்க. குச்சியை நீங்க எடுத்துக்கங்க. அதை நான் தொட மாட்டேன்."

அப்படித்தான் பாட்டின் நடுவில் டிரம்ஸ் துண்டு துண்டாக மேடைக்கு ஊர்வலம் போயிற்று. பெரிய டிரம்மின் மேல் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியும் மறதியாகப் போயிற்று. துணைக்கு டிரம்ஸ் இல்லாத அந்தச் சில நிமிஷங்களில் இன்சூரன்ஸ்காரர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். பரிசுத்த ஆவியில் நிறைந்துவிட்டார் என்று மூன்று சபைகள் எழுந்து நின்றன. மெக்கானிக் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து குச்சியைத் தூக்கினார். 'ஏழாம் சுற்றை' வட்டாரம் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். ஆர்மோனியச் சபைக்காரர்களில் சிலர் காதைப் பொத்தினார்கள், சிலர் பொத்துவதுபோல் விரலை இடுக்கி வைத்துக்கொண்டார்கள். பெரியவர் வாசலைத் தாண்டி வண்டிகள் நிறுத்துகிற இடம்வரை நடந்துபோய், அரங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசி அடி விழுந்து முடிகிறவரை நின்றுவிட்டு, உள்ளே வந்து நன்றியுரை சொன்னார். அதில் டிரம்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐஸ்கிரீமைப் பற்றி இரண்டு வார்த்தை இருந்தது.

அதற்குப் பிறகு பாதிச் சபைகள் 'ஏழாம் சுற்றை' இனி அழைப்பதில்லை என்று தீர்மானம் போட்டன. வெயில் காலம் வந்து ஃபிரிட்ஜ்கள் ஒவ்வொன்றாக நின்றபோது தீர்மானங்கள் கொஞ்சம் இளகின. இன்சூரன்ஸ்காரர் அந்த ஓட்டப் பாட்டைத் தாம் வேண்டுமென்றே செய்த புதுமை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மாடிவீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று மெக்கானிக் பெட்டியில் பாதித் துணியை அடுக்கிவைத்திருந்தார். பெரியவர் சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். படியில் எதிரே பார்த்தால் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். ஊழியம் எப்படி என்று கேட்பதும் இல்லை. மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்றாள் மனைவி. "அப்பாவுக்கு மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும்."

ஒரு நாள் பார்சல்காரர் வந்தார். டிரம்முக்கு மாட்டும் புதுத் தோல்கள், வட்டமாக, அகலமாக. மெக்கானிக் மாடிப்படியில் பாதியில் இருந்தார். கீழே கதவைத் திறந்தது பெரியவர்.

"மெக்கானிக் வீடு இதானே சார்?"

"மெக்கானிக்கா?" பெரியவர் பார்சலை மேலும் கீழும் பார்த்தார். "மேல ஒரு டிரம்ஸ்காரர் இருக்கார். அவருக்கா பாருங்க."

மெக்கானிக் படியிலேயே நின்றுவிட்டார். கீழே இறங்கினால் பேச்சு முடிந்துவிடும்.

பார்சல்காரருக்குக் காது மந்தமோ, தெருவில் லாரி போயிற்றோ. "யாருன்னு சொன்னீங்க?" என்று மறுபடியும் கேட்டார்.

"டிரம்ஸ்காரர்" என்றார் பெரியவர், எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி. "என் மகளோட வீட்டுக்காரர். நான் கையெழுத்து போடறேன், குடுங்க."